கனடாவின் கூட்டாட்சியில் பூர்வகுடிகளின் தன்னாட்சி உரிமையை ஆராய எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேட்டவர் சட்டத்தில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுக்கப்போவதாகவும், 1982 அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவை மையமாக வைக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். 35இலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பிரிவு பூர்வகுடிகளுக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரித்து உறுதிசெய்கிறது, அவ்வளவுதான். கூட்டாட்சி என்பது அதிகாரத்தைப் பற்றிய விவகாரம். யார் சட்டம் இயற்றலாம்? இரண்டு சட்டங்கள் மோதினால் எது செல்லும்? செலவு யார் தலையில்? இந்த மூன்றையும் ஒவ்வொரு வழக்கிலும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கேட்டுக்கொண்டே போனால் ஆய்வு தானாக உருப்பெறும். கேட்காமல் விட்டால் 300 பக்கத்துக்கு உரிமை முழக்கம்தான் மிஞ்சும்.

முதலில் எடுக்க வேண்டியது கூட்டாட்சியை உருவாக்கிய 1867 அரசமைப்புச் சட்டம். அதன் 91(24) 'இந்தியர்களையும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களையும்' மத்திய அரசிடம் கொடுக்கிறது ('இந்தியர்' என்று அந்தச் சட்டம் சொல்வது கனடாவின் பூர்வகுடிகளை). 109ஆம் பிரிவோ மாகாண எல்லைக்குள் இருக்கும் அரச நிலம், கனிமம் எல்லாம் மாகாணத்துக்கே என்கிறது. ஆனால் அந்த நிலத்தில் வேறு யாருக்காவது உரிமை இருந்தால் அதற்கு உட்பட்டுத்தான். ஆக, மக்கள் மீதான அதிகாரம் ஒட்டாவாவிடம், அதாவது மத்திய அரசிடம்; அவர்கள் காலடி மண்ணின் வருமானம் மாகாணத்திடம். 150 ஆண்டுச் சண்டையில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் நடந்ததுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே நிலப்பகுதியின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படியுங்கள். 1873இல் அனிஷினாபே மக்களுடன் 3ஆம் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த நிலத்தில் மரம் வெட்ட ஒரு நிறுவனத்துக்கு மத்திய அரசு உரிமம் கொடுத்தது, ஒன்டாரியோ எதிர்த்தது. 1888இல் செயின்ட் கேத்தரின்ஸ் மில்லிங் வழக்கில், அன்று கனடாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், பூர்வகுடிகள் நிலத்தை ஒப்படைத்ததும் அதன் பலன் ஒன்டாரியோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றது. நிலம் யாருடையது என்று தீர்மானித்த அந்த வழக்கில் அனிஷினாபே மக்கள் தரப்பாகவே இல்லை. 2014இல் கிராஸி நேரோஸ் வழக்கு. அதே உடன்படிக்கை, அதே மரம். நிலத்தை எடுத்துக்கொள்ள ஒன்டாரியோவுக்கு ஒட்டாவாவின் சம்மதம் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். உடன்படிக்கை போட்டது மகுடத்துடன், அதாவது மன்னர் பெயரால் இயங்கும் அரசுடன். அந்த மகுடத்தின் எந்தக் கை இப்போது மரம் வெட்டுகிறது என்பது கூட்டாட்சிக் கேள்வி.

மாகாணத்துக்கு மாகாணம் கதை மாறும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மூன்றுக்கும் இயற்கை வளங்கள் 1930 ஒப்பந்தங்கள் மூலம்தான் வந்தன. அந்த ஒப்பந்தங்களில் வேட்டை உரிமைக்குத் தனி வாசகம் உண்டு. அதைப் பார்க்காமல் அங்குள்ள வேட்டை வழக்கை அலசினால் முழுப் பகுப்பாய்வும் பிசகும். கியூபெக்கின் வடபகுதி 1912இல் சேர்க்கப்பட்டபோது, அங்குள்ளவர்களின் உரிமைகளை ஒப்படைப்பின் மூலம் பெற வேண்டும் என்ற நிபந்தனை போடப்பட்டது. கியூபெக் அதை நிறைவேற்றாமலே இருந்து, ஜேம்ஸ் பே நீர்மின் திட்டத்தைக் கிரீ, இனூயிட் மக்கள் நீதிமன்றத்துக்கு இழுத்த பிறகுதான் 1975 ஒப்பந்தம் வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வான்கூவர் தீவின் சில பகுதிகளையும் வடகிழக்கில் 8ஆம் உடன்படிக்கைப் பகுதியையும் விட்டால் பழைய உடன்படிக்கைகளே கிடையாது. நில உரிமை வழக்குகள் அங்கிருந்தே கிளம்புவதற்கு அதுதான் காரணம். (டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் தமிழர்களுக்கு: உங்கள் வீடு நிற்பது 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் நிலத்தில்.)

இப்போது 35க்கு வரலாம். அது உரிமைச் சாசனத்துக்கு வெளியே இருக்கிறது. சாசனம் 34ஆம் பிரிவோடு முடிகிறது. அதனால் சாசனத்தின் 1ஆம் பிரிவு வரம்பும், சட்டமன்றங்கள் உரிமைகளை மீற வழிவிடும் 33ஆம் பிரிவும் 35க்குப் பொருந்தா. வரம்பே இல்லை என்று அர்த்தமில்லை. 1990 ஸ்பாரோ தீர்ப்பு நீதிமன்றமே வகுத்த ஒரு நியாயப்படுத்தல் சோதனையைக் கொண்டுவந்தது: உரிமையை மீறும் அரசு அதற்குத் தகுந்த நியாயம் காட்ட வேண்டும். இதைக் குழப்பி எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே சிவப்பு மையால் வட்டமிடுவார்.

தன்னாட்சி என்று வந்தால் நீதிமன்றத்தின் வரலாறு நழுவல்களின் வரலாறு. 1996 பமாஜெவன் வழக்கில் இரண்டு சமூகங்கள் தங்கள் நிலத்தில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்றன. ஒதுக்கீட்டு நிலத்தை நிர்வகிக்கும் பரந்த உரிமை என்று அவர்கள் வைத்த வாதத்தை அதீதப் பொதுமை என்று ஒதுக்கிவிட்டு, ஐரோப்பியர் வருமுன் சூதாட்டம் இந்தப் பண்பாட்டின் உயிர்நாடியாக இருந்ததா என்று கேட்டது நீதிமன்றம். கேள்வியை அப்படிச் சுருக்கினால் பதில் என்னவாக இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். 1997 டெல்கமுக் வழக்கில் கிட்சான், வெட்சுவெடென் பரம்பரைத் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டருக்கு உரிமை கோரினார்கள். கீழ் நீதிமன்ற விசாரணை மட்டும் 374 நாள். வாய்மொழி வரலாற்றைச் சான்றாக ஏற்க வேண்டும் என்ற பெரிய முன்னேற்றம் அதில் கிடைத்தது. தன்னாட்சி பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் விட்டது உச்ச நீதிமன்றம். ஆகவே 'உச்ச நீதிமன்றம் தன்னாட்சியை ஏற்றுவிட்டது' என்பதும் பிழை, 'மறுத்துவிட்டது' என்பதும் பிழை.

கீழ் நீதிமன்றங்களைப் பாருங்கள். 2000இல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்களுடன் போட்ட தன்னாட்சி ஒப்பந்தம் பற்றிய கேம்ப்பெல் தீர்ப்பு, மத்திய, மாகாண அதிகாரங்களைப் பட்டியலிடும் 91, 92 பிரிவுகள் இரண்டும் எல்லா அதிகாரத்தையும் பங்குபோட்டு முடித்துவிடவில்லை, பூர்வகுடிகளின் சட்டமியற்றும் அதிகாரம் மீந்திருக்கிறது என்றது. அதே நிஸ்கா ஒப்பந்தத்தை 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்பாற்றிய விதம் வேறு: நாடாளுமன்றமும் மாகாணச் சட்டமன்றமும் வழங்கிய அதிகாரமாகப் பார்த்தாலே ஒப்பந்தம் செல்லும், உள்ளார்ந்த உரிமை உண்டா என்று முடிவு செய்யத் தேவையில்லை என்றது. வழங்கப்பட்டதா, உள்ளார்ந்ததா? வழங்கப்பட்டதைத் திரும்ப வாங்கலாம் என்பதால் இது வெறும் தத்துவச் சண்டை இல்லை. என்னைக் கேட்டால் ஆய்வின் நடுத்தூண் இதுதான்.

2019இல் நாடாளுமன்றம் பூர்வகுடிக் குழந்தைகள், குடும்பங்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. பரவலாக மசோதா எண்ணாலேயே சி-92 என்பார்கள். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. இதை வரிவரியாகப் படியுங்கள், கூட்டாட்சிப் பொறியியல் முழுக்க இதில் இருக்கிறது. 18ஆம் பிரிவு, குழந்தை நலத்தில் சட்டமியற்றும் அதிகாரம் 35இன் கீழ் வரும் உள்ளார்ந்த தன்னாட்சி உரிமையில் அடங்கும் என்று உறுதிசெய்கிறது. ஒரு சமூகம் ஒட்டாவாவிடமும் மாகாணத்திடமும் ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் கோர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானாலும் சரி, நியாயமான முயற்சிக்குப் பின்னும் ஓராண்டில் கையெழுத்தாகாவிட்டாலும் சரி, அந்தச் சமூகத்தின் சட்டத்துக்கு மத்தியச் சட்டத்தின் வலு 21ஆம் பிரிவால் கிடைத்துவிடும். மாகாணச் சட்டத்தோடு மோதினால் 22(3)இன்படி சமூகத்தின் சட்டமே செல்லும். விலக்குகளும் உண்டு: 10 முதல் 15 வரையான பிரிவுகளின் தேசியத் தரங்களையும் கனடிய மனித உரிமைச் சட்டத்தையும் அது மீற முடியாது, குறிப்பிட்ட குழந்தையின் நலனுக்கு எதிரானால் 23ஆம் பிரிவு அதை நிறுத்தும்.

கியூபெக் எதிர்த்தது. அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தன்னாட்சி உரிமையை ஏற்று, ஆனால் 21ஐயும் 22(3)ஐயும் செல்லாது என்றது. 2024 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முழுச் சட்டமும் செல்லும் என்றது. எப்படி என்பதுதான் முக்கியம். 35 தன்னாட்சியை உள்ளடக்கியதா என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. 91(24)இன் கீழ் நாடாளுமன்றம் அப்படி உறுதிசெய்யலாம், அது மகுடத்தைக் கட்டுப்படுத்தும் என்றது. உரிமைக் கேள்விக்கு அதிகாரப் பங்கீட்டின் வழியே விடை. நாளை வேறொரு நாடாளுமன்றம் 18ஆம் பிரிவை நீக்கினால் என்னவாகும்? தீர்ப்பில் இதற்கு நேரடி விடை இல்லை. ஆய்வுக்கான இடம் அங்கே திறந்தே கிடக்கிறது.

தீர்ப்புகளை மட்டும் படித்தால் பாதிப் படம்தான். ஒப்பந்த வாசகங்களுக்கு இறங்குங்கள். 2000 மே 11 அன்று நடைமுறைக்கு வந்த நிஸ்கா ஒப்பந்தத்தின் 11ஆம் அத்தியாயத்தை ஒரு அட்டவணையாக்குங்கள்: துறை, யார் சட்டமியற்றலாம், என்ன நிபந்தனை, மோதினால் எது செல்லும். மொழி, பண்பாடு போன்றவற்றில் நிஸ்கா சட்டம் செல்லும்; பொது ஒழுங்கு, பாதுகாப்பில் மத்திய அல்லது மாகாணச் சட்டம்; குழந்தை நலத்தில் மாகாணத் தரத்துக்கு ஈடான தரம் இருந்தால் நிஸ்கா சட்டம். 1867இன் கறாரான பங்கீட்டைவிட இது எவ்வளவு நெகிழ்வானது என்பது அட்டவணையில்தான் கண்ணில் படும். அதே ஒப்பந்தத்தில் கொடுத்த விலையும் இருக்கிறது: பூர்வகுடிகளுக்கான மத்தியச் சட்டமான 'இந்தியர் சட்டத்தின்' வரிவிலக்கு, கொள்முதல் மீதான வரிகளுக்கு 8 ஆண்டிலும் மற்றவற்றுக்கு 12 ஆண்டிலும் முடிந்துபோனது.

பழைய கட்டுரைகளைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. 91(24)இன் மையப்பகுதியை மாகாணச் சட்டம் தொடவே முடியாது என்ற காப்புக் கோட்பாட்டை நம்பி எழுதப்பட்டவை ஏராளம். 2014 சில்கோட்டின் தீர்ப்பு, 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பூர்வகுடி நில உரிமையை முதன்முறையாக அறிவித்த அதே கையோடு, 35ஆம் பிரிவு உரிமைகள் விஷயத்தில் அந்தக் காப்பு பொருந்தாது என்றது. மாகாணமும் நியாயப்படுத்தினால் மீறலாம். தலைப்புச் செய்தியில் வெற்றி; உள்ளே மாகாணத்துக்கும் ஒரு கதவு.

சுயநிர்ணயத்தில் அந்தச் 'சுயம்' யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். சமூகத்தை நிர்வகிக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட பேண்ட் கவுன்சில் என்ற அமைப்பை உருவாக்கியது இந்தியர் சட்டம். 2020இல் கோஸ்டல் காஸ்லிங்க் எரிவாயுக் குழாய்வழிக்குப் பல கவுன்சில்கள் ஒப்பந்தம் போட்டிருக்க, வெட்சுவெடென் பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தார்கள். டெல்கமுக் வழக்கை நடத்தியவர்கள் பரம்பரைத் தலைவர்கள், கவுன்சில்கள் அல்ல.

பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு ஒரு அத்தியாயம் போதும். 2007இல் எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. 2021இல் அதை நடைமுறைப்படுத்த மத்தியச் சட்டம் வந்தது. சுயநிர்ணய உரிமை தரும் 3ஆம் உறுப்பை மேற்கோள் காட்டுபவர்கள் நாட்டின் எல்லை ஒருமைப்பாட்டைக் காக்கும் 46ஐ மறந்துவிடுகிறார்கள்.

செலவுக் கேள்விக்கு ஜோர்டன் கோட்பாட்டை எடுங்கள். மனிடோபாவில் ஒரு கிரீ சிறுவன், வீட்டுப் பராமரிப்புச் செலவு ஒட்டாவாவினுடையதா மாகாணத்தினுடையதா என்ற இழுபறியில் வீட்டுக்குப் போகாமலே 2005இல் மருத்துவமனையில் இறந்தான். முதலில் தொடர்பு கொள்ளப்பட்ட அரசு செலவழிக்க வேண்டும், கணக்குத் தீர்ப்பது பிறகு என்பது அந்தக் கோட்பாடு.

வேலை முறைக்கு: தீர்ப்புகள் கேன்லீ தளத்தில் இலவசம். சமூகங்களின் சட்டங்கள் பெரும்பாலும் அங்கே இருக்காது. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் கெஸட்டிலும் அந்தந்த அரசின் தளத்திலும் தேடுங்கள். ஆவணங்களோடு நின்றால் நெறிமுறை அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது. நேர்காணல் எடுத்தால் பல்கலைக்கழகக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. தேசிய நெறிமுறைக் கொள்கையின் 9ஆம் அத்தியாயப்படி சமூகத்தின் ஈடுபாடும் வேண்டும், தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். நூனவுட் என்றால் அங்குள்ள ஆராய்ச்சி நிறுவனத்தின் உரிமமும் தேவை. நூனவுட் மாகாணமல்ல, ஆட்சிப்பகுதி. அதன் அதிகாரம் மத்தியச் சட்டத்திலிருந்து வருவது. நிலம், கனிம நிர்வாகத்தை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2024 ஜனவரியில்தான் கையெழுத்தானது, கைமாற்றத்துக்கான இலக்கு 2027 ஏப்ரல் 1. தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்த ஒப்பந்தத்தையும் சி-92ஐயும் அருகருகே வைத்து முதல் இரண்டு மாதம் படியுங்கள்.