ஃபேண்டஸி நாவலை மறுபடி படிக்கும்போது, அதில் ஒளிந்திருக்கும் பழைய நூல்களின் சாயலைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பெயர்களைப் பிடியுங்கள். கதைதான் தெரிந்துவிட்டதே, அவசரம் இருக்காது. விசித்திரமான பெயர்களையும், தேவைக்கு மேல் துல்லியமாக வரும் பொருட்களையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) இதற்கு நல்ல பயிற்சிக்களம். அதன் 13 குள்ளர்களில் பாலின் என்பவரைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் பழைய நோர்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழி) கவிதையான 'வோலுஸ்பா'வின் குள்ளர் பட்டியலில் வருகின்றன. மந்திரவாதி கேண்டால்ஃப் கூட அந்தப் பட்டியலில் ஒரு குள்ளன்தான்! இத்தனை பெயர்கள் ஒரே இடத்தில் பொருந்தினால் தற்செயல் என்று தள்ள முடியாது.

பொருட்கள் விஷயம் கொஞ்சம் வழுக்கும். 'தி ஹாபிட்' நாயகன் பில்போ டிராகனின் புதையலிலிருந்து முதலில் திருடுவது ஒரு கோப்பை. 'பேவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்திலும் திருடுபோவது கோப்பைதான். டிராகன் வெகுண்டெழுந்து வெளியே வருவதும் அப்படியே. டோல்கீனோ 1936இல் அந்தக் காவியத்தைப் பற்றிப் புகழ்பெற்ற உரை நிகழ்த்தியவர். ஆனாலும் 1938இல் எழுதிய கடிதத்தில், 'பேவுல்ஃப்' தனக்கு மதிப்புமிக்க மூலம் என்று ஒப்புக்கொண்டு, எழுதும்போது அது பிரக்ஞையில் இல்லை, திருட்டு கதைப்போக்கில் இயல்பாக வந்தது என்கிறார். ஆக, இதைத் 'தாக்கம்' என்று குறிக்கலாம், மூலநூலுக்கு வேண்டுமென்றே செலுத்திய 'வணக்கம்' என்று அடித்துச் சொல்லக் கூடாது.

பலர் சறுக்குவது பொதுச்சரக்கில். வாள், டிராகன், அநாதைச் சிறுவன் எல்லாம் எங்கும் கிடைக்கும். இரண்டு மூன்று விவரங்கள் அதே வரிசையில் வருகின்றனவா, ஆசிரியருக்கு மூலநூல் தெரிந்திருந்ததா என்று பாருங்கள்.