செல்லுக்குள் குடியேறிய கிருமி ஏன் தன் மரபணுக்களை இழக்கிறது?

செல்லுக்குள்ளேயே வாழும் ஒட்டுண்ணிகள் போகப் போகத் திறமை கூடித்தானே வளர வேண்டும், ஏன் மரபணுக்களை இழக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த நாளிலிருந்து என்னை விடாத கேள்வி இது. எனக்குப் பழக்கமான ஒரே கிருமியை வைத்துச் சொல்கிறேன்: தொழுநோய்க் கிருமி.

1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். இத்தனை வருடம் ஆகியும் சோதனைக்கூடத் தட்டில் அதை யாராலும் வளர்க்க முடியவில்லை, எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற ஓடுள்ள விலங்கின் உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். 2001-இல் அதன் டிஎன்ஏ முழுவதையும் படித்து வெளியிட்டபோது காரணம் ஓரளவு புரிந்தது. (அன்று படித்தது தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமி, அதனாலேயே அந்த வகைக்கு டிஎன் என்று பெயர்.) அதன் நெருங்கிய சொந்தமான காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். இதற்கு வேலை செய்பவை 1,600 சொச்சம்தான், அதுபோக 1,100-க்கு மேல் செத்த மரபணுக்கள் இன்னும் உள்ளே கிடக்கின்றன. இடிந்த வீட்டின் சுவர் மாதிரி, அடுப்படி எங்கே இருந்தது என்று பார்த்தால் தெரியும், ஆனால் சமைக்க முடியாது.

ஏன் இப்படி? செல்லுக்குள் சாப்பாடு தயாராகக் கிடைக்கிறது. தானே செய்துகொள்ள வேண்டிய ஒன்றுக்கான மரபணு பழுதானாலும் கிருமி சாவதில்லை, அதனால் அந்தப் பழுது அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதும் கொஞ்சம் கிருமிகள்தான், அவற்றில் இருக்கும் கெடுதலான மாற்றமும் தற்செயலாக நிலைத்துவிடும். சரி, போனதைக் கடன் வாங்கலாமே என்றால், மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கு அக்கம்பக்கத்தில் வேறு இனங்கள் உண்டு, மரபணு கைமாறும். செல்லுக்குள் தனியாக இருப்பதற்கு யார் தருவார்? எனவே இழந்தது இழந்ததுதான். இன்று அது இரண்டாகப் பெருக 12 முதல் 14 நாள் ஆகிறது, காசநோய்க் கிருமிக்கு ஒரு நாள்கூட வேண்டாம்.

ஆனால் நம் நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு கொழுப்புப் பொருளை மட்டும் அது இன்றும் தன் உறையில் செய்துகொண்டிருக்கிறது. எதை இழந்தது என்பதைவிட எதை விடாமல் வைத்திருக்கிறது என்பதில்தான் அதன் திறமை இருக்கிறது என்பேன்.

அப்புறம் ஓம்புயிரான, அதாவது கிருமிக்கு இடம் கொடுக்கும், நம் பக்கம். உலகம் முழுக்க எடுத்த தொழுநோய்க் கிருமிகளை ஒப்பிட்டால் வித்தியாசம் மிகச் சொற்பம். இருந்தும் ஒருவருக்குத் தோலில் ஓரிரு தேமல், இன்னொருவருக்கு உடம்பு முழுக்கப் பரவுகிறது. கிருமி ஒன்றே, மாறுவது முக்கியமாக நம் நோயெதிர்ப்பு. இடைக்கால ஐரோப்பிய எலும்புக்கூடுகளில் கிடைத்த கிருமியின் டிஎன்ஏவை 2013-இல் படித்தார்கள், அதுவும் இன்றைய கிருமிக்கு மிக நெருக்கமாகவே இருந்தது. பிற்பாடு ஐரோப்பாவில் நோய் மறைந்ததற்குக் கிருமி பலவீனமானது காரணம் இல்லை என்றால், மனிதர்களின் உடம்பிலோ வாழ்க்கை முறையிலோ தேட வேண்டும்.

சுமார் 95 சதவீதம் பேருக்கு இயல்பாகவே இந்த நோயை எதிர்க்கும் சக்தி உண்டு. எங்கள் தெருவில் விரல் மடங்கிய ஒரு பெரியவரைப் பொதுக் குழாயில் கைவைக்க விடமாட்டார்கள், அவர் யாராவது வந்து குடத்தை நிரப்பித் தரட்டும் என்று தள்ளி நின்றிருப்பார். பெரும்பாலானவர்களுக்கு இது ஒட்டாது என்ற இந்த ஒரு விஷயத்தை அன்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். உணர்ச்சியில்லாத தேமல் யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள், மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும்.