வாடகை வீட்டு வாசலும் அயோத்திதாசரும்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வீடு பார்த்தேன். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு ஹவுஸ் ஓனர் சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். மதியம் புரோக்கர் போன் செய்து, வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார். மனசு சரியில்லாமல் மாலையில் கிண்டி காந்தி மண்டபம் பக்கம் போனேன். அங்கே நூறு வருடத்துக்கு முன்பே சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் மணிமண்டபத்தில் அவர் சிலைக்கு முன்னால் நின்றபோது ஒன்றுதான் தோன்றியது. இந்த மனிதர் தோற்றுவிட்டாரா? சாதிபேதமற்ற சமூகம் என்பது வெறும் கனவுதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத முடியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கனவு என்கிறீர்கள். நான் படித்த அயோத்திதாசர் கனவு கண்டதைவிடக் கேட்டு வாங்கப் பார்த்ததுதான் அதிகம். 1891 டிசம்பரில் நீலகிரியில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் போட்டார். பள்ளிக்கூடம், உதவித்தொகை, அரசு வேலை, பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தடையில்லாமல் தண்ணீர். எல்லாமே கையில் பிடித்துக் காட்டக்கூடிய விஷயங்கள். மறு ஆண்டு இங்கே சென்னையில், சென்ட்ரலுக்குப் பக்கத்து விக்டோரியா ஹாலில் நடந்த சென்னை மகாஜன சபை என்ற அரசியல் அமைப்பின் கூட்டத்தில், சிவன் கோயிலுக்குள்ளும் பெருமாள் கோயிலுக்குள்ளும் ஒடுக்கப்பட்ட எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூர் சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்ல என்றார். எந்த மனிதனையும் சுருங்க வைக்கும் பதில் அது. இவரோ, அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசப் படிப்பையும் தரிசு நிலத்தையும் கொடுங்கள் என்று கேட்டார். அவமானப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டு அடுத்ததைக் கேட்கிற அந்தத் திடத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

நீலகிரியில் போட்ட அந்தப் பத்துத் தீர்மானங்களில் ஒன்றை மட்டும் பாருங்கள். சிறைக்குள் பறையர்களை மட்டும் இழிவான வேலைக்கு விடும் சிறை விதியை நீக்க வேண்டும் என்பது. உள்ளே போனால் எல்லாருமே கைதிதானே, அங்கேயும் துடைப்பம் யார் கைக்கு என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. நாடு விடுதலை பெற்றது, அரசியல் சட்டம் வந்தது, கிணறும் குளமும் அதன் 15ஆம் பிரிவில் ஏறின. ஆனாலும் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் வரிகள் அப்படியே கிடந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா வழக்குப் போட்டு, 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அவை செல்லாது என்றது. கைதிகள் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கணக்குப் போட்டால் 133 வருடம். ராயப்பேட்டையிலிருந்து 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கி, 1914இல் கண் மூடும் வரை நடத்தியவரின் கோரிக்கையை முடித்து வைக்க இன்னொரு பத்திரிகையாளர்தான் வரவேண்டியிருந்தது.

அதனால் அவர் தோற்றார் என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டது கேட்டபடி நிற்கிறது, கொடுக்க வேண்டியவர்கள்தான் பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாக்கிக்காரர்களில் நானும் ஒருவன். பதில் எழுதத் தாமதமானது அதனால்தான்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் நான் வீடு தேடினேன். ஒரு வீட்டம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலமே சாவி கையில். நல்ல வீடு, நல்ல தண்ணீர் என்று வந்து மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். எனக்கு முன்னால் யாராவது அந்த வாசலிலிருந்து திரும்பிப் போயிருப்பார்களா என்று அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் யோசித்தேன்.

கேட்டவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பதில் சொல்லிச் சாவி வாங்கிய என்னைப் போன்றவர்களால்தான் அந்தக் கேள்வி இத்தனை வருடம் ஓடுகிறது. அது எதற்கு, வாடகையைப் பேசுவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். வீடு கிடைக்காமல் போயிருந்தாலும் இன்னொன்று கிடைத்திருக்கும் எனக்கு.

இப்போது எங்களுக்கு ஒரு மாடிப் போர்ஷன் இருக்கிறது. தை மாதம் காலியாகிறது. ஆளுங்க யாருன்னு விசாரிச்சு அனுப்பவா சார் என்று புரோக்கர் போன வாரம் கேட்டார். வேண்டாம், வாடகை கட்டுவார்களா என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் உங்களுக்கு வீடு அமையவில்லை என்றால் எழுதுங்கள், வந்து பாருங்கள். இரண்டு ரூம், மெட்ரோ தண்ணீர் உண்டு, மேற்கு வெயில் கொஞ்சம் அடிக்கும்.

அன்புடன்.