கூந்தன்குளத்து வீடும் முற்றத்துப் புளியமரமும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளம். பிறந்து வளர்ந்தது சென்னையில். ஊரில் ஆச்சி வீடு பூட்டிக் கிடக்கிறது. முற்றத்துப் புளியமரத்தில் வருஷா வருஷம் நாரைகள் கூடு கட்டும். பறவை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு அந்த இடத்தில் ரூம்கள் கட்டலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். மரத்தை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். வருகிறவர்கள் படிக்கும்படி ஊரின் வரலாற்றையும் பழைய குடும்பங்களின் வரலாற்றையும் எழுதி முன்னறையில் மாட்ட எனக்கு ஆசை. பறவைகளைக் காக்கும் வழக்கத்தை முதலில் தொடங்கியது எந்தக் குடும்பம்? ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புத் தம்பிக்கு,

மரத்தை வெட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுத நினைக்கிற வரலாற்றில் பாதி அந்த மரத்தில்தான் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் மாசி மாதம் ஒரு விடியற்காலையில் உங்கள் ஊர்த் தெருவில் நின்றிருந்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் வாரியலால் பெருக்கிக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடி முழுக்க வெள்ளை வெள்ளையாக எச்சம். நடுவில் சுள்ளி, இறகு, மேலிருந்து தவறி விழுந்த அரைகுறை மீன். எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கடவாப்பெட்டியில், அதுதான் ஓலைப்பெட்டியில், போட்டார். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். மேலே மஞ்சள்மூக்கு நாரைகள். வளர்ந்த நாரை அநேகமாகக் குரல் கொடுக்காது, அலகை அடித்துச் சத்தம் எழுப்பும். குஞ்சுகள்தான் இரைக்காக ஓயாமல் கத்தும். “ராத்திரி தூங்க முடியுதா அம்மா?” என்று கேட்டேன். “பிள்ளை அழுதா பக்கத்து வீட்டுக்காரன் கோவிச்சுக்கிடுவானா?” என்று கேட்டுவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

இதைப் பார்த்தபிறகு, முதலில் தொடங்கிய குடும்பத்தைத் தேடாதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன். ஒருவர் ஒரு நாளில் முடிவெடுத்து வந்த வழக்கமாக எனக்கு இது தெரியவில்லை. மார்கழியில் வந்து ஆனி ஆடியில் திரும்பும் பறவைக்கு, அந்த ஆறேழு மாதமும் தினம் முற்றம் பெருக்குவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் வேண்டும். அநேகமாக அது வீட்டுப் பெண்தான். துணியை வெளியே காயப்போட முடியாது. மரத்தடியில் வடகம் காயவைக்க முடியாது. புளி உலுக்கும் பருவமும் குஞ்சு பொரிக்கும் பருவமும் ஒன்றாக வரும், கூடு இருக்கிற கிளையை விட்டுவிட்டுத்தான் உலுக்க வேண்டும். பறவைகள் மிரளும் என்று வெடி போடுவதில்லை, ஊரே வைத்திருக்கிற கட்டுப்பாட்டைப் பத்திரிகைகள் எழுதின. விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டியைப் பற்றியும் நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். உங்கள் ஆச்சி எத்தனை வருஷம் பெருக்கினார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இதில் ஊருக்கு லாபமும் உண்டு. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது, அதுவே உரம். நாரை வந்தால் குளம் பெருகும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். குளம் பெருகியதால்தான் நாரை வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்தே வருவதால் எதை முதலில் சொன்னால் என்ன?

தண்ணீர் என்றதும் மணிமுத்தாறு அணை ஞாபகம் வருகிறது. 1950-களில் அந்த அணையைக் கட்டியபிறகு அதன் பிரதான கால்வாய்த் தண்ணீரும் நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. கால்வாயை நான்கு ரீச்சாக, அதாவது நான்கு பகுதியாக, பிரித்திருக்கிறார்கள். கடைசி ரீச்சுகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுப்பதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். குளம் காய்ந்த வருஷம் மரமும் வெறுமையாக நிற்கும். ஊர்ப் பெரியவர்களிடம் பேசும்போது கல்யாணம், சாவு, வெளியூருக்குப் பிழைக்கப் போனது எல்லாவற்றையும் ‘குளம் வற்றின வருஷம்’, ‘மறுகால் பாய்ந்த வருஷம்’ என்று வைத்துக் கேளுங்கள். தேதி கேட்டால் யோசிப்பார்கள். குளத்தைச் சொல்லிக் கேட்டால் கடகடவென்று கதை வரும்.

ஆவணம் கேட்டிருந்தீர்கள். கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் எந்தப் போகம் என்ன பயிர், எது தரிசு என்று இருக்கும். தரிசாகக் கிடந்த வருஷங்களைக் குறித்துக்கொண்டால் குளத்தின் கதை ஓரளவு தெரிந்துவிடும். புறம்போக்கு மரங்களுக்குக் கொடுக்கிற 2சி பட்டாவையும் பாருங்கள். எந்த மரத்தின் பலனை எந்த வீடு அனுபவித்தது என்பது அதில் தெரியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1961-ல் உங்கள் ஊர்க் கூழைக்கடாக்களைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. சரணாலயமாக அறிவித்தது 1994-ல். உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது 2022-ல். அரசாங்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உங்கள் வீட்டு மரத்தில் கூடு இருந்திருக்கிறது.

இனி ரூம் விஷயம். வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பூட்டிக் கிடக்கிற வீட்டில் விளக்கெரிந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் நாரை உட்காரும் மரத்தை எடுத்துவிட்டு, நாரை பார்க்க வருகிறவனை அந்த இடத்தில் படுக்கவைக்க உங்களுக்கு மனசு வருமா? கூட்டைக் கலைப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் பங்காளிகளிடம் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பின்பக்கம் மாட்டுத் தொழு இருந்த இடம் சும்மாதான் கிடக்கும். கட்டுவதென்றால் அங்கே கட்டுங்கள். கொத்தனார் வேலையை ஆடிக்குப் பிறகு ஆரம்பித்து, பறவை வருமுன் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் மீதியை அடுத்த ஆடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடம் பார்க்க மட்டும் மாசி பங்குனியிலேயே போய்விடுங்கள். அண்ணன் தம்பி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு ராத்திரி ஆச்சி வீட்டுத் திண்ணையில் படுத்து, காலையில் நீங்களே வாரியலை எடுத்து முற்றத்தைப் பெருக்குங்கள். அதற்கப்புறம் டேப்பைப் பிடித்து அளக்கலாம். ஆடி கழித்துப் போனால் அது உங்கள் கண்ணுக்கு வெறும் புளியமரமாகத்தான் தெரியும்.

அன்புடன்,
அண்ணாச்சி