நிச்சயதார்த்த மாலையும் கே-1 விசாவும்

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் ஐடி நிறுவனம் ஒன்றில் வேலை. நான் மணக்கப்போகிறவர் அமெரிக்கக் குடிமகன், மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர், கிறிஸ்தவர். நாங்கள் இந்து. அலுவலக வேலையாக அவர் இங்கே வந்திருந்தபோது பழக்கம். போன தை மாதம் மண்டபத்தில் இரண்டு மாலை மாற்றி, மோதிரம் போட்டு நிச்சயதார்த்தம் நடந்தது. “ஃபியான்சே விசாதான் சீக்கிரம் கிடைக்கும்” என்கிறார் அவர். “டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே பதிவு செய்துகொள்” என்கிறார் அத்தை. அடுத்த வருடம் தங்கை கல்யாணம், அதற்கு நான் இங்கே இருந்தே ஆக வேண்டும். அங்கே போனதும் வேலைக்கும் போக வேண்டும். எந்த வழி நல்லது?

பதில்: அவர் சொல்லும் ஃபியான்சே விசா, அதாவது நிச்சயமானவர்களுக்கான விசாவுக்கு கே-1 என்று பெயர். உங்கள் நிலையில் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். இந்தியாவிலேயே சட்டப்படி மணந்து சான்றிதழ் வாங்குங்கள். அதை வைத்து அவர் மனைவியை அழைத்துக்கொள்ளும் ஐ-130 மனு போடட்டும். நீங்கள் மனைவிக்கான சிஆர்-1 விசாவில் போங்கள். அதற்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: மாலை, தங்கையின் கல்யாணம், உங்கள் வேலை.

அத்தை சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். அவர் சொல்லும் டூரிஸ்ட் விசா, அதாவது பி-2, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லி வாங்குவது. அங்கேயே மணந்து தங்கும் திட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு அதில் நுழைந்தால், உண்மையை மறைத்து விசா பெற்றதாகும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவு அதற்கு வாழ்நாள் தடை விதிக்கிறது. விலக்கு கேட்டு மனுப் போடலாம், ஆனால் கிடைப்பது உறுதியில்லை. “நாலு பேர் அப்படித்தான் போனார்கள், நன்றாக இருக்கிறார்கள்” என்று அத்தை சொல்லக்கூடும். உண்மைதான். போன பிறகு மனம் மாறி மணந்தவர்களுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உங்களுக்கோ நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது, திடீரென்று மனம் மாறியது என்று சொல்ல முடியாது. விமான நிலையத்தில் அதிகாரி போனை வாங்கிப் பார்த்து அங்கிருந்தே திருப்பி அனுப்பினால், அதற்கென்று தனியாக ஐந்தாண்டுத் தடையும் வரலாம். அத்தைக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அந்த யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, கே-1. இதை அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே கேட்க முடியும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. இதற்கான ஐ-129எஃப் மனுவை அவர் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். இருவருமே மணமாகாதவர்களாக, மணக்கத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும். விசா கிடைத்து உள்ளே போன 90 நாட்களுக்குள் அவரையே மணக்க வேண்டும். பிறகு கிரீன் கார்டுக்கு ஐ-485 போட வேண்டும்.

“மணமாகாதவர்” என்ற அந்த ஒரு சொல்தான் நம் ஊர்க்காரர்களைப் பல முறை தடுக்கி விழ வைத்திருக்கிறது. நிச்சயதார்த்தம் வேறு, கல்யாணம் வேறு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாம்பூலம் மாற்றினோம், பத்திரிகை வாசித்தோம், அவ்வளவுதானே. விசா அதிகாரி பார்ப்பது ஆல்பத்தை. பட்டுச்சேலை, கழுத்தில் மாலை, ஐயர், முந்நூறு பேர் பந்தி. “உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே” என்று அவர் நினைத்தால் கே-1 தர மாட்டார், மனு அமெரிக்காவுக்கே திரும்பிவிடும். “அப்படியானால் மனைவி விசா கொடுங்கள்” என்றும் கேட்க முடியாது, சட்டப்படி நீங்கள் இன்னும் மணமாகாதவர். இரண்டுங்கெட்டான் நிலையில் மாதங்கள் ஓடிவிடும். நான் பார்த்த ஒரு ஜோடிக்கு இதில் ஒன்றரை வருடம் போயிற்று. போட்டோக்களை அழித்துவிடலாமா என்று கேட்டுவிடாதீர்கள். நேர்காணலில் கேட்டால் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். மனைவி விசாவில் அதே ஆல்பம் உங்களுக்கு ஆதாரமாகிவிடுகிறது.

கே-1 யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் சட்டப்படி மணக்கவே முடியாதவர்களுக்கு அதுதான் கதவு. தன்பாலின இணையரின் திருமணத்தை இங்கே சட்டம் ஏற்பதில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. அமெரிக்கா ஏற்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் தயங்காமல் கே-1 சொல்வேன்.

உங்களுக்கு வருவோம். “எந்த விசா சீக்கிரம்” என்பதை விட, இறங்கியபின் முதல் வருடம் எப்படி வாழ வேண்டும் என்று யோசித்து முடிவெடுங்கள். கே-1இல் போனால் மணந்து, ஐ-485 போட்டு, வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை வேலை பார்க்க முடியாது. மாதக்கணக்கில் ஆகலாம். வெளிநாட்டுப் பயணத்துக்கும் தனி முன்னனுமதி வேண்டும். அது இல்லாமல் தங்கை கல்யாணத்துக்கு விமானம் ஏறினால் உங்கள் கிரீன் கார்டு மனு கைவிடப்பட்டதாகிவிடும். சொந்தச் சம்பளத்தில் வாழ்ந்து பழகியவர், ஊர் தெரியாத இடத்தில், பனிக்காலத்தில், எல்லாவற்றுக்கும் கணவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அன்பான வீட்டில்கூடச் சிரமம். சிஆர்-1இல் உள்ளே நுழையும் கணத்திலேயே நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர். பாஸ்போர்ட்டில் முத்திரையிட்ட விசாவே ஒரு வருடத்துக்கு கிரீன் கார்டுக்கு ஈடு. மறுநாளே வேலை தேடலாம், ஊருக்கு வந்து போகலாம். இதற்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு கோவையில், உங்கள் வேலையோடு, தங்கை கல்யாண வேலைகளோடு கழியும்.

பணமும் இதில்தான் குறைவு. 2024 ஏப்ரலில் மாற்றிய விகிதப்படி சிஆர்-1க்கு இணையவழி ஐ-130 மனு 625 டாலர், விசா 325, நிதி உறுதிமொழி ஆய்வு 120, குடியேற்றக் கட்டணம் 235, ஆக 1,305. கே-1க்கு மனு 675, விசா 265, ஐ-485க்கு 1,440, ஆக 2,380. வேலை அனுமதிக்குத் தனியாக 260. மருத்துவப் பரிசோதனைச் செலவு இரண்டிலும் தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி, எந்தச் சட்டத்தில் மணப்பது? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்துக்கு இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டினாலும் அந்தச் சட்டப்படி உங்கள் திருமணத்தைப் பதிய முடியாது. சர்ச்சில் செய்வதானால் 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இடம் தருகிறது, ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். உங்கள் இருவருக்கும் இடைஞ்சல் இல்லாதது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாட்களாகக் குடியிருக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் கோவையில் இருப்பதால் அது பிரச்சினையில்லை. நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாட்களுக்குள் தகுந்த ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகளோடு போய் மணந்துகொள்ளலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் மணக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும், திரும்ப முதலிலிருந்து. ஆகவே அவர் சுமார் 40 நாள் விடுப்பில் வர வேண்டும், அல்லது நோட்டீஸுக்கு ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு முறை என்று வந்து போக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் பதிவு அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய், வெளிநாட்டவரிடம் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதி வாங்கி வந்துவிடுங்கள். அவர் மணமாகாதவர் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் நிச்சயம் கேட்பார்கள்.

இங்கே ஒரு சிறு விஷயம், பலர் கோட்டைவிடுவது. தாலி கட்டுவதை அலுவலகத் திருமணம் நடக்கும் அதே நாளிலோ அதற்குப் பிறகோ வையுங்கள். முகூர்த்தம் முன்னாடி கிடைத்தது என்று இரண்டு மாதம் முந்திக்கொண்டால், எல்லாப் படிவத்திலும் “திருமணத் தேதி” என்ற கட்டம் உங்களைத் துரத்தும். அழைப்பிதழில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்றிருந்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அப்புறம், கல்யாணத்தைச் சத்தமில்லாமல் முடித்துவிடாதீர்கள். பெற்றோர் இல்லாமல், சாட்சிக்கு நண்பர்கள் மட்டும் நிற்கும் போட்டோக்களைப் பார்த்தால் விசா அதிகாரிக்குச் சந்தேகம் வரும். வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள் என்றால் அது தெரியட்டும். பயண டிக்கெட்டுகள், சேர்ந்து எடுத்த படங்கள், பேசிக்கொண்டதின் சில பக்கங்கள் போதும். வாட்ஸ்அப்பை மொத்தமாக அச்சடித்து மூட்டை கட்ட வேண்டாம்.

அவர் தரப்பில் முக்கியமானது ஐ-864 என்ற நிதி உறுதிமொழி. அவர் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டின் கணக்கில் அது ஆண்டுக்குச் சுமார் 26,437 டாலர். குறைந்தால் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்திடலாம். இந்தப் பொறுப்பு விவாகரத்தானாலும் தீராது என்பதை அவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடட்டும்.

உங்கள் தரப்பில், இன்றைக்கே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுகள் ஏராளம். அப்படியே போனால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று விழும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் அதே பெயர்தான். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்து, மனு போடுவதற்கு முன்பே புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். “பெண் குழந்தை” என்று மட்டும் இருந்தால் மாநகராட்சியில் பெயர் சேர்த்து வாங்கவும். போலீஸ் நற்சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகத்தான். அதை முன்கூட்டி வாங்காதீர்கள், ஆவணங்கள் கேட்கும் கட்டத்தில் வாங்கினால் போதும். நேர்காணலுக்கு மும்பை வரை போகத் தயாராக இருங்கள்.

நீங்கள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்காவிட்டால் கிரீன் கார்டு நிபந்தனையோடு இரண்டு ஆண்டுக்கே வரும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். ஒருவேளை இரண்டு ஆண்டு நிறைவு நெருங்கிவிட்டால், விசா காலாவதியாகாத அளவுக்குப் பயணத்தைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். பத்தாண்டு அட்டையே நேராக வரும். எந்த அட்டையானாலும், சிஆர்-1இல் நுழைந்த நாளிலிருந்து அவரோடு சேர்ந்து வாழ்ந்து மூன்று ஆண்டு ஆனதும் குடியுரிமைக்கு மனு போடலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறேன், அவர் மேல் சந்தேகத்தில் இல்லை. பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழின் ஒரு பிரதியும் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடுமை நேர்ந்தால், கணவர் துணையில்லாமலே ஐ-751 போடவும் சட்டம் அனுமதிக்கிறது. “நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்” என்ற மிரட்டலை நம்பி வாய்மூடி இருந்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அது பொய்யான மிரட்டல் என்பது கிளம்பும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.