சிட்னியிலிருந்து குடும்பத்தோடு முதல் கேம்பர்வேன் பயணம்: கடலோரத்தில் எங்கே தங்குவது?

சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறீர்கள், நீங்கள் இருவர், எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா. மார்ச் மாதம் பள்ளி நாட்களில் மூன்று இரவு, உள்ளேயே படுத்துச் சமைக்கும் வாடகை வேன், கடல் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிட்னிக்குத் தெற்கே உள்ள வளைகுடாவான ஜெர்விஸ் பேயின் மேற்குக் கரைக்குப் போங்கள். அங்குள்ள ஹஸ்கிசன் ஊரில், ஷோல்ஹேவன் நகரசபை நடத்தும் ஹாலிடே ஹேவன் கேரவன் பார்க்குகளில், அதாவது வேனை நிறுத்தித் தங்கும் முகாம்களில், ஒன்றில் மின் இணைப்புள்ள இடமாகப் பதிவு செய்து, மூன்று இரவும் அங்கேயே இருங்கள். இரவுக்கு ஓர் ஊர் என்று தாவ வேண்டாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் படுக்கையை மடித்து, பாத்திரத்தை ஒதுக்கி, மின்கம்பியைச் சுருட்டிக் கட்ட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைத் தினமும் செய்தால் விடுமுறை அதிலேயே கரைந்துவிடும்.

காரணத்தைச் சொல்கிறேன். கடலோர முகாம் தேடுபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்: வேனின் கதவைத் திறந்தால் அலை. சிறு பிள்ளையும் வயதானவரும் வருகிற முதல் பயணத்தில் நான் அந்தப் படத்தைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகள் இறங்கப்போகும் தண்ணீர். அடுத்தது கழிப்பறைக்கும் வேனுக்கும் உள்ள தூரம். மூன்றாவது காற்று.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸின் திறந்த கடற்கரைகள் அழகானவை, ஆனால் அங்கே ரிப் எனப்படும் நீரோட்டம் முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் இழுத்துப்போகும். உயிர்காப்பாளர்கள் நடும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் பள்ளி நாட்களில் பல கடற்கரைகளில் அந்தக் கொடியே இருக்காது. ஜெர்விஸ் பே அப்படிப்பட்ட திறந்த கடல் இல்லை. பாயின்ட் பெர்பென்டிகுலருக்கும் போவன் தீவுக்கும் இடையிலுள்ள வாய் வழியாகத்தான் பெருங்கடல் உள்ளே வருகிறது. மேற்குக் கரையை எட்டும்போது அலையின் வேகம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஹஸ்கிசனுக்கும் பக்கத்து ஊரான வின்சென்ஷியாவுக்கும் நடுவில் மூனா மூனா ஓடை கடலில் கலக்கிறது. அதன் வாயருகே மணல் திட்டுகளும் ஆழமற்ற தண்ணீருமாக, சிறு பிள்ளைகள் வாளியோடு உட்கார்ந்து விளையாடத் தோதான இடம் இருக்கிறது. உங்கள் அம்மாவும் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு கணுக்கால் நனைய நடக்கலாம். கடல் வற்றும் நேரத்தில் ஓடை நீர் கடலை நோக்கி வேகமாக ஓடும், அப்போது ஓடைப் பாலத்தின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணாமல், மகனைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். எந்தக் கடற்கரையானாலும், சர்ஃப் லைஃப் சேவிங் அமைப்பின் பீச்சேஃப் தளத்தில் அதன் ஆபத்து மதிப்பீட்டைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

வடகிழக்குக் காற்று தொடர்ந்து அடிக்கும் நாட்களில் ஜெல்லிமீன் போலக் கொட்டும் நீல நிறப் புளூபாட்டில்கள் கரை ஒதுங்கக்கூடும். கொட்டிவிட்டால் ஒட்டியிருக்கும் நூல்களை அகற்றிவிட்டு, தோல் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வினிகர் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு வகை ஜெல்லிமீனுக்கானது. கேரவன் பார்க்கின் வெந்நீர்க் குளியலறை பக்கத்திலேயே இருப்பது இதற்கும் உதவும்.

இனி முகாமுக்குள் எந்த இடம் என்பது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பதிவு செய்யும்போது தொலைபேசியில் பேசுங்கள், இணையத்தில் மட்டும் முடித்துவிடாதீர்கள். உங்கள் வேனின் நீளத்தைச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கான வேன் என்றால் ஆறு பேர் படுக்கும் பெரிய வகைதான் வரும். அது ஏழு மீட்டர் அளவு இருக்கும், எல்லா இடத்திலும் நுழையாது. கழிப்பறைக் கட்டடத்திலிருந்து எத்தனை வேன் தள்ளி இருக்கிறது, தரை சமமா, அடியில் சிமென்ட் தளம் உண்டா என்று கேளுங்கள். வேனுக்குள் கழிப்பறை இருக்கிறதே என்று தோன்றும். அது சின்னப் பெட்டியில் சேரும் வகை, ஐந்து பேர் முழு நேரமும் பயன்படுத்தினால் சீக்கிரமே கழிவு கொட்டும் இடமான டம்ப் பாயின்ட்டுக்கு எடுத்துப்போய்க் கொட்ட வேண்டிவரும். நள்ளிரவில் அம்மாவுக்கும் மகனுக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் பொதுக் கழிப்பறைக்குப் போங்கள்.

கடலை ஒட்டிய முதல் வரிசை கிடைத்தாலும் நான் இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையைத்தான் கேட்பேன். முதல் வரிசையில் உப்புக்காற்று நேராக வந்து அறையும். கோடையிலும் மார்ச்சிலும் சதர்லி என்னும் தெற்குக் காற்று சில நிமிடங்களில் திரும்பி வீசும். வேனின் பக்கவாட்டில் விரித்திருக்கும் பந்தல் துணியை அது முறித்துவிடக்கூடும். தூங்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் அதைச் சுருட்டிவிடுங்கள். முதல் வரிசைக்கும் கடலுக்கும் நடுவில் பல இடங்களில் வேலியும் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை காலையில் உங்களுக்கு முன்பே எழுந்துவிடுவான் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, பெரிய யூகலிப்டஸ் மரத்தின் நேர் அடியில் நிறுத்தாதீர்கள். காற்றில்லாத நாளில்கூடக் கிளை முறிந்து விழும் மரம் அது.

போய்ச் சேர்ந்ததும் சமையல் மேடைமீது ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி நின்றால் வேன் சாய்ந்திருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்வுக் கட்டைகளை வாடகைக்காரரிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாய்ந்த வேனில் அம்மா கால் மேலாகவும் தலை கீழாகவும் படுக்க நேரும். எரிவாயுவிலும் ஓடும் வகைக் குளிர்பெட்டி என்றால் அதுவும் சரியாகக் குளிராது, எடுத்துப்போகும் இட்லி மாவு மறுநாளே புளித்துப் பொங்கிவிடும்.

மின் இணைப்பை நான் வற்புறுத்துவது இதனால்தான். இணைப்பு இல்லாத இடத்தில் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் பேட்டரியில் ஓடும், மைக்ரோவேவும் ஏசியும் பெரும்பாலான வாடகை வேன்களில் ஓடாது. முகாம்களில் இருப்பது 15 ஆம்பியர் பிளக், வீட்டுச் சாக்கெட்டில் நுழையாது. அதற்கான கம்பி வேனோடு வந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. வேனுக்குள் கடுகு தாளிக்காதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி தலைக்கு மேலேயே இருக்கிறது, மிளகாய் நெடி மெத்தையில் ஏறினால் மூன்று இரவும் அதிலேயே படுக்க வேண்டும். கேரவன் பார்க்கில் பொதுச் சமையலறை இருக்கும். அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, மேசை எல்லாம் அங்கே உண்டு, நம் வீட்டு அம்மாக்கள் பக்கத்து வேன்காரர்களோடு பேச ஆரம்பிப்பதும் அங்கேதான். உள்ளே வெந்நீர் போடும்போதுகூட ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வேனை எடுக்கும்போது படுக்கைகளை எண்ணுவதற்கு முன் இருக்கைகளைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை கட்டாயம். நான்கு வயதுக்குட்பட்டவரை, பின்வரிசை உள்ள வண்டியில் முன்வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. வேனின் பின்னிருக்கைகள் எல்லாவற்றிலும் குழந்தை இருக்கையின் மேல்பட்டையைக் கொளுவும் கொக்கி இருப்பதில்லை. உங்கள் மகனின் வயதைச் சொல்லி, எந்த இருக்கையில் பொருத்தலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது தீராமல் முன்பணம் கட்ட வேண்டாம். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். அது உங்களுக்கோ மகளுக்கோதான், அம்மாவுக்கு வேண்டாம். உரிமத்தைப் பொறுத்தவரை கவலை இல்லை, 4.5 டன் வரை சாதாரண கார் உரிமமே போதும். வண்டியின் உயரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி அருகே ஒட்டுங்கள். மேற்கூரை சேதத்துக்கு வாடகைக் காப்பீடு பொதுவாகப் பொறுப்பேற்காது, கடைகளின் வாகன நிறுத்தங்களில் கூரை தாழ்வாக இருக்கும்.

பாதை ஏறக்குறைய 180 கிலோமீட்டர். கேம்பர்வேனில், நிறுத்தங்களோடு, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கிளம்பினால் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலில் முதல் நிறுத்தம். அம்மா தரிசனம் செய்யலாம், வார இறுதியில் கேன்டீனில் சாப்பாடும் ஆகிவிடும். அங்கிருந்து சீ கிளிஃப் பாலம் பக்கத்தில்தான் என்று ஆசை வரும். அதற்குப் போகும் லாரன்ஸ் ஹார்கிரேவ் சாலை வளைவும் குறுகலும் நிறைந்தது, பழகாத பெரிய வண்டியோடு முதல் நாளே போக வேண்டாம். நெடுஞ்சாலையிலேயே வாருங்கள். வொலொங்காங்கை நோக்கி இறங்கும் மவுண்ட் ஒஸ்லி சரிவு நீளமானது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். மாலை மங்கும் முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அந்த வேளையில்தான் கங்காருவும் வொம்பட்டும் சாலைக்கு வருகின்றன, இருட்டில் வேனைப் பின்னோக்கி நிறுத்துவதும் சிரமம்.

பூடரி தேசியப் பூங்காவின் கிரீன் பேட்ச் முகாமைப் பலர் பரிந்துரைப்பார்கள். ரெக் பே பழங்குடிச் சமூகமும் பார்க்ஸ் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நிர்வகிக்கும் பூங்கா அது. வடக்கு நோக்கிய அமைதியான கடற்கரை, சிவப்பு ரொசெல்லாக் கிளிகள், மாலையில் கங்காருக்கள் என்று மனதை அள்ளும் இடம்தான். ஆனால் மின் இணைப்பு கிடையாது, கடைத்தெரு தூரம். வேன் கைக்குப் பழகிய பிறகு அடுத்த முறை அங்கே தங்குங்கள். இந்த முறை ஹஸ்கிசனிலிருந்து பகலில் போய்வரலாம், பூங்கா நுழைவுக் கட்டணம் உண்டு. அன்று மதியம் ஹஸ்கிசன் கடல்சார் அருங்காட்சியகத்தில், 1911இல் அந்த ஊரிலேயே கட்டப்பட்ட லேடி டென்மன் படகைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திமிங்கிலப் பருவம் மே மாதத்துக்குப் பிறகுதான். டால்பின்களுக்கு மாதக் கணக்கு இல்லை.

அவ்வளவு தூரம் உங்கள் மகன் உட்கார மாட்டான் என்றால் வடக்கே டூவூன் பே. சுமார் 90 கிலோமீட்டர், கடற்கரையை ஒட்டியே நகரசபையின் கேரவன் பார்க், ஓரளவு மூடிய சிறு வளைகுடா. ஜெர்விஸ் பேயின் பரப்பும் காடும் அங்கே இல்லை, ஆனால் ஏதாவது ஒத்துவராமல் போனால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். எதுவானாலும் ஈஸ்டர் விடுமுறை மார்ச் இறுதியில் வருகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டு இப்போதே அழையுங்கள். அந்த வாரத்தில் இரண்டாவது வரிசை மட்டுமல்ல, எந்த வரிசையும் கிடைக்காது.