சாலையோர வசனப் பலகையில் என்ன எழுதலாம்?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் ஆலயம் இருக்கிறது. காம்பவுண்டில் புது வசனப் பலகை வைக்கப் போகிறோம். வாலிபர் சங்கத்தார், வாட்ஸ்அப்பில் வருகிற அமெரிக்க ஆலயப் பலகைகள் மாதிரி சிரிக்க வைக்கும் வரிகள் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு நியாயத்தீர்ப்பு வசனம்தான் வேண்டுமாம். எதை எழுதலாம்? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றலாம்?
- ஒரு சபைச் செயலர்

பதில்: உங்கள் பலகையை அதிகம் வாசிக்கப்போவது ஆலயத்துக்குள் ஒருநாளும் வராத ஆட்கள். 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 47%, இந்துக்கள் சுமார் 49%, இஸ்லாமியர் சுமார் 4%. ரோட்டில் போகிறவரில் பாதிப்பேர் வேறு சமயத்தவர் என்று நினைத்துக்கொண்டே வரியைத் தேர்ந்தெடுங்கள். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். விக்கிரகம், நரகம், அழிவு பற்றிய வசனங்களை விளக்கிச் சொல்லப் பிரசங்க மேடை இருக்கிறது. விளக்க ஆளில்லாத ரோட்டோரத்தில் அவை அடுத்த வீட்டுக்காரரைத் திட்டுவதாகவே படும்.

சிரிப்பு வரிகளும் வேண்டாம். அமெரிக்கப் பலகைகளில் பல, ஆங்கிலச் சொல் விளையாட்டை நம்பி நிற்பவை. தமிழுக்குக் கொண்டுவந்தால் சப்பென்று போய்விடும். வாலிபர்களிடம் பலகையின் பொறுப்பையே கொடுங்கள், ஆர்வம் வீணாகாது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஆறு அங்குல எழுத்தைச் சுமார் 60 மீட்டரிலிருந்து வாசிக்கலாம். ஆக, கிடைப்பது ஐந்து விநாடி. அதில் எட்டுச் சொல்லுக்கு மேல் ஏறாது. தமிழில் கொம்பும் சுழியும் புள்ளியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். எல்.இ.டி. பலகை என்றால் எழுத்து ஓடக்கூடாது, நிற்க வேண்டும்.

"கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." சங்கீதம் 121:8. சரியாக எட்டுச் சொல். பயணத்தில் இருப்பவர் எந்தச் சமயத்தவரானாலும் மனசில் தங்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதில்தான் தொடங்குவேன்.

நீளமான வசனத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று மட்டும் எழுதினால் பரீட்சையில் ஜெயிக்க வைக்கும் வாக்குறுதி மாதிரி ஆகிவிடுகிறது. இதை எழுதிய பவுல் அதற்கு முந்தின வசனத்தில் பேசுவது பட்டினியிலும் நிறைவிலும் ஒரேபோல இருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி.

இடத்தையும் காலத்தையும் பாருங்கள். இயேசு கடலை அதட்டி அமர்த்திய வசனம் அழகானதுதான். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் நம் கடற்கரை ஊர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்! அந்த வீட்டு அம்மா தினமும் கடக்கிற பாதையில் அந்த வசனம் நின்றால், "என் மகனுக்கு ஏன் அடங்கவில்லை" என்றுதான் கேட்பாள். அங்கே "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்" என்ற அழைப்பு போதும். உங்கள் ஊரிலும் விபத்தோ சாவோ நடந்த வாரம், பலகையை ஒருமுறை வாசித்துப் பார்த்து, தேவைப்பட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மற்றபடி மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். வருடத்துக்கென்று சபை தேர்ந்தெடுக்கும் வாக்குத்தத்த வசனம் ஆலயத்துக்குள் இருக்கட்டும். வசனத்துக்குக் கீழே ஆராதனை நேரமும் ஒரு போன் நம்பரும் வையுங்கள்; கஷ்டத்தில் இருப்பவர் கூப்பிட்டால் எடுக்கிற ஆளின் நம்பராக இருக்கட்டும். "உபயம்" என்று வசனத்தைவிடப் பெரிதாகப் பெயர் போடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். கொடுத்தவர் வருத்தப்பட்டால் பலகையின் பின்பக்கம் எழுதிக்கொடுங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, ஃப்ளெக்ஸ் தாங்காது. அலுமினியச் சட்டம் போடுங்கள். மாற்றவே தேவையில்லாத ஒரு வசனம் வேண்டுமென்றால் மயிலாடி சிற்பிகளிடம் கல்லில் வெட்டச் சொல்லலாம். பலகையின் கால் நெடுஞ்சாலை எல்லைக்குள் போகாமல் காம்பவுண்டுக்குள்ளேயே ஊன்றுங்கள். எழுத்தை மாட்டும் முன் இரண்டு பேர் வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒற்றுவரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.